இருபத்தைந்தாவது குறிப்பு

"கவுந்துடும்ல?" என்று கணவன் காதோடு கேட்டான்.

"பேசாம மேடையைப் பாருங்க" என்றாள் இளையவள். அவள் கண் மேடையிலிருந்த அடுப்பைவிட்டு அசையவில்லை.

அடுப்பின் முன்னால் அவளுடைய ஓரகத்தி, வீட்டின் மூத்த மருமகள், வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாரப் பத்திரிகை ஒன்று நடத்திய வீட்டுக் காலை உணவுப் போட்டியின் கடைசிச் சுற்று அது. ஜெயித்தால் அவளுடைய குறிப்புகள் எல்லாம் அவள் பெயரோடும் படத்தோடும் புத்தகமாக வரும்.

குறிப்புகள் மொத்தம் இருபத்தைந்து. அதில் இருபத்து நாலு இளையவளுடையவை. வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பத்து நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று எட்டு வருடமாகச் செய்து, கருக்கி, திருத்தி, நோட்டில் எழுதி வைத்தவை. யார் கேட்டாலும் கொடுப்பாள். அதில் அவளுக்குக் கஞ்சத்தனமே கிடையாது. ஆனால் அதே குறிப்புகள் வாரா வாரம் மூத்தவள் பெயரில் அச்சாகி வந்தபோது வயிறு பற்றி எரிந்தது.

நேரிலேயே கேட்டாள். மூத்தவள் அசரவில்லை. "ஒரே அடுப்புல வேகறதுதானே? இதுல உன்னது, என்னதுன்னு என்ன இருக்கு?"

மாமியாரும் அதற்குத் தலையாட்டினார். "அவ பெரியவ. விட்டுக் குடுத்துட்டுப் போயேம்மா."

விட்டுக் கொடுப்பதாவது! அன்றிலிருந்து இளையவள் சிரித்த முகமாகவே வளைய வந்தாள். கணவனுக்கு அதுதான் கலக்கமாக இருந்தது.

கடைசிச் சுற்றுக்குப் புத்தம் புதிய குறிப்பு ஒன்று வேண்டும், நடுவர்கள் இன்னின்னார் என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அடுத்த இரண்டாம் நாள் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஒரு சொல் பிசகாமல், நிறுத்தி நிதானமாக ஒரு ஆம்லெட் குறிப்பை எழுதினாள். நோட்டைச் சமையலறையில் திறந்தபடியே போட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது நோட்டு மூடியிருந்தது.

இப்போது அந்த நோட்டு அவள் மடியில் இருந்தது. கணவன் எடுத்துப் புரட்டினான்.

"கடைசிப் பக்கத்தைக் காணோமே?"

"கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"அடிப்பாவி! அப்படி என்னத்தை எழுதி வச்சே? உப்பைக் கூட்டிட்டியா? அண்ணியோட மானம் இன்னிக்குக் கப்பலேறப் போகுது."

"ஏறட்டுமே" என்றாள் இளையவள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள்தான் அவர்களில் முக்கியமானவர். மாஸ்டரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவருக்கென்று போட்டிருந்த நடு நாற்காலியில் அவர் உட்காரவில்லை. "எழுதறப்ப என் முழங்கை பக்கத்து ஆளை இடிக்கும்பா" என்று, தன் இடப்பக்கம் யாரும் இல்லாத கோடிக்கு மாறிக்கொண்டார்.

மூத்தவள் மூன்று முட்டைகளை உடைத்தாள். பால் சேர்க்கவில்லை, ஒரு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீர் விட்டு அடித்தாள். ரொட்டித் தூளை வெண்ணெயில் சிவக்க வறுத்துத் தனியே வைத்தாள். முட்டையை வாணலியில் ஊற்றியதும் வலது கையால் பிடியைச் சாய்த்துப் பிடித்து, கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஓரங்களை மெல்ல உள்ளே தள்ளினாள். பழகாத கை, கொஞ்சம் தடுமாறத்தான் செய்தது.

"ஏங்க இடது கை?" என்று மைக்கை நீட்டினார் நிகழ்ச்சி நடத்துபவர்.

"அதுதாங்க ரகசியமே!" என்றாள் மூத்தவள். "வலது கை அழுத்தும், இடது கை பதமா தடவும். முட்டைக்கு அழுத்தம் ஆகாது பாருங்க. ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணேன்."

அரங்கம் கை தட்டியது. இளையவளும் தட்டினாள், எல்லோரையும்விடக் கொஞ்சம் பலமாகவே.

ஆம்லெட் புசுபுசுவென்று, ஓரம் கருகாமல் தட்டில் வந்து மடிந்து விழுந்தது. உள்ளே ரொட்டித் தூள் மொறுமொறுத்தது. ருசி பார்த்த இரண்டு நடுவர்களும் ஒருவரையொருவர் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்கள்.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு, எல்லாம் போச்சு! பிரமாதமால்ல வந்திருக்கு? நீ எதையோ மாத்தி எழுதிட்டேன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்."

"நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? இந்த நோட்டுலயே ருசியான குறிப்பு அதுதான்."

மாஸ்டரம்மா இரண்டாவது வாய் எடுத்து, கண்ணை மூடி மென்றார். பிறகு மூத்தவளை அருகே வரச் சொல்லி, மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்ல மேடம். முழுக்க முழுக்க என் சொந்தக் கற்பனை. வேற எங்கயும் கிடைக்காது."

"அந்த ஒரு ஸ்பூன் தண்ணி?"

"என் யோசனைதான்."

"ரொட்டித் தூளு?"

"அதுவும்தான் மேடம்."

"இடது கை?"

"சத்தியமா நானே கண்டுபிடிச்சது!"

கீழே இளையவள் எட்டு வருடத்து நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கத் தயாரானாள். மாஸ்டரம்மா மதிப்பெண் போடாமலே பென்சிலைக் கீழே வைத்தார்.

"நான் இடக்கைக்காரி, அதான் என் பழைய புஸ்தகத்துல அப்படி எழுதினேன், உனக்கு என்னம்மா வந்தது?"