வீராசாமி கடைக் கோப்பைகள்

சூளை வாயை அடைத்திருந்த செங்கற்களை எடுத்துப் போட்டுவிட்டு, பாண்டுரங்கன் உள்ளே கைவிட்டு முதல் கோப்பையை வெளியே எடுத்தான்.

வெள்ளையாக வரவேண்டிய கோப்பை. ஒரு பக்கம் மட்டும், வெட்கப்பட்ட பெண்ணின் கன்னம் மாதிரி, ரோஜா நிறத்தில் சிவந்து வந்தது.

மார்த்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உத்திரமேரூர் சாலையோரம் சர்க்கார் போட்டுக் கொடுத்த கொட்டகை அது. வெறும் மண்பானை வனைந்துகொண்டிருந்த பக்கத்தில், பானைக்குக் கண்ணாடி மாதிரி மெருகு ஏற்றக் கற்றுக் கொடுக்க மெட்ராஸிலிருந்து வந்த வாலிபன் பாண்டுரங்கன். கோப்பைகளை மெருகுத் தொட்டியில் முக்கி எடுப்பதும், காய்ந்தபிறகு சூளையில் அடுக்குவதும் மார்த்தாள் வேலை.

அவள் தெருவிலிருந்து அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு சூளை கெட்டாலும் திரும்ப நாற்று நடத்தான் போகவேண்டும் என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள்.

இந்தச் சூளையோ டீக்கடை வீராசாமியின் ஆர்டர். மனிதர் கூடையும் வைக்கோலுமாக வண்டி கட்டிக்கொண்டு வந்து, சூளை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவர் கடையில் மார்த்தாளின் ஆட்களுக்கு அதுவரை கொட்டாங்கச்சியில்தான் டீ. கடைக்கு வெளியே நின்றுதான் குடிக்கவேண்டும். தீண்டாமைக்கு எதிராகப் புதுச் சட்டம் வந்து, அதிகாரிகள் ஜீப்பை நிறுத்தி எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வெள்ளைக் கோப்பை ஊராருக்கு. பச்சைக் கோப்பை மார்த்தாளின் ஆட்களுக்கு.

"இனிமே எவன் வந்து இன்னா கேப்பான்? எல்லாருக்கும் பீங்கான்தான் சார். கலருதானே வேற!"

மார்த்தாளை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். அவள் கைபட்ட கோப்பையாயிற்றே என்று யாரோ இழுத்ததற்கும் பதில் வைத்திருந்தார். நெருப்பில் வெந்து வந்துவிட்டால் எந்தத் தீட்டும் நிற்காதாம்.

மோர் மாதிரி இருந்த வெள்ளை மெருகிலும், கீரை கடைந்த மாதிரி இருந்த பச்சை மெருகிலும் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள் மார்த்தாள். ஒவ்வொரு பச்சைக் கோப்பையை எடுக்கும்போதும் அவள் புருஷன் ஐசக் அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பது கண்ணில் தெரிந்தது.

பாண்டுரங்கன் அடுத்து வெளியே எடுத்தது பச்சை. குற்றம் சொல்ல முடியாத பச்சை. அதற்கடுத்தது மறுபடி கன்னம் சிவந்த வெள்ளை.

அவன் ஒருமுறை சூளைக்குள் குனிந்து பார்த்தான். ஒருமுறை மார்த்தாளைத் திரும்பிப் பார்த்தான்.

வீராசாமி ஒரு கோப்பையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இன்னா சார் இது? நான் கேட்டது வெள்ளையாச்சே."

மார்த்தாள் தரையைப் பார்த்தபடி நின்றாள். நடவுச் சேற்றின் சில்லிப்பு இப்போதே அவள் காலில் ஏறியது.

"மெட்ராஸ்ல பெரிய ஓட்டல்ல எல்லாம் இப்ப இந்தக் கலருதாங்க," என்றான் பாண்டுரங்கன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வீராசாமி கோப்பையை வெயிலில் தூக்கிப் பிடித்தார். உதட்டில் வைத்துப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்திலும் அந்த ரோஜா நிறம் வந்தது.

"அட, கல்யாணக் களையா கீதே! இதுதான் சார் நம்ம ஜனத்துக்கு. பச்சையோட எந்தக் காலத்துலயும் கலந்து பூடாது." பிறகு மார்த்தாள் பக்கம் திரும்பினார். "இன்னாடி மார்த்தா, உங்காளுங்குளுக்கும் கொறையில்ல. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு, வைக்கோல் வைத்துப் பக்குவமாக அடுக்கி, எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கடை இன்றைக்கு இல்லை. ஆனால் அந்தக் காலத்து ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், வீராசாமி கடை ரோஜாக் கப்பு என்றதும் முகம் மலரும். பக்கத்துப் பெருநகர் கிராமத்துத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதில் ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் அடுத்த பஸ் ஏறுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்தக் கப்புகளை இரவல் வாங்கிப் போவார்கள். பெரிய நிலக்காரர்கள் அதை உதட்டில் வைத்து வைத்து எடுத்துத்தான் ஊர் நியாயமெல்லாம் பேசினார்கள். அந்த நிறம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டவன் பாண்டுரங்கன் ஒருவன்தான். அன்றைக்கு வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தபிறகு, காலியான சூளைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"பச்சையைச் சின்னச் சூளையில தனியா வைக்கச் சொன்னேனேம்மா. பச்சைப் பொடி நெருப்புல ஆவியாக் கிளம்பும், பக்கத்துல இருக்கிற வெள்ளை மேல படிஞ்சு அதைச் சிவக்க வெச்சிடும், அப்புறம் தேய்ச்சாலும் போகாது, தொடக்கூட வேண்டாம், மூச்சு பட்டாப் போதும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

மார்த்தாள் உதிர்ந்து கிடந்த செங்கற்களை ஓரமாக அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"சொன்னீங்க சார். அதைக் கேட்டுக்கினுதான் ஒண்ணு வுட்டு ஒண்ணா வெச்சேன்."