தவளை கொடுத்த மனு

இடுப்புவரை பாம்பின் வாய்க்குள் போய்விட்ட ஒரு தவளை, கரையோரம் போய்க்கொண்டிருந்த ஆமையைக் கூப்பிட்டது. அந்தக் குளத்துக்கு உரிமை ஆணையர் ஆமைதான்.

"ஐயா, காப்பாத்துங்க! இவன் என்னை முழுங்குறான்!"

"கத்தாதே. மனுவாச் சொல்லு." ஆமை ஒரு தாமரை இலையை விரித்தது. "முகவரி?"

"பாதி குளக்கரை, பாதி பாம்பு."

"பாம்புக்குள்ளே இருக்கிற பாதி என் எல்லையில வராது. அதுக்குத் தனி மனு போடணும்."

"அங்கேதாங்க ஐயா என் காலு ரெண்டும் இருக்கு!"

ஆமை பாம்பிடம் திரும்பி, "உன் விளக்கம் என்னப்பா?" என்று கேட்டது. வாய் நிறையத் தவளை இருந்ததால் பாம்பு பேசவில்லை. 'பேசாமல் இருப்பது அவன் உரிமை' என்று ஆமை நிதானமாக எழுதியது. அதற்குள் தவளை கழுத்துவரை உள்ளே போயிருந்தது.

"தவளைக்கும் உயிர் வாழும் உரிமை உண்டு" என்று அடுத்த வரியை ஆமை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதியது.

பாம்புக்குப் பொறுக்கவில்லை. "அப்போ எனக்குச் சாப்பிடுற உரிமை இல்லையா?" என்று வாயைத் திறந்து கத்தியது. வெளியே விழுந்த தவளை ஒரே தாவலில் குளத்துக்குள் மறைந்தது.

ஆமை இலையிலிருந்து தலையைத் தூக்கி, "தவளை! தவளை! தவளை!" என்று முறைப்படி மூன்று தடவை கூப்பிட்டது. தண்ணீரில் நாலு குமிழிகள் மட்டும் வந்து உடைந்தன.

"மனுதாரர் ஆஜராகவில்லை. மனு தள்ளுபடி."

பிறகு புது இலை ஒன்றை விரித்து, பாம்பைப் பரிவோடு பார்த்தது.

"நீ சொல்லுப்பா. சாப்பாட்டு விஷயம், அவசரமா விசாரிக்கணும்."