சாலோமி வீட்டு லைன்

"ஏலே தேவசிகாமணி, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

படகுக்கார ராயப்பன் அண்ணாச்சி தெருவுல நின்னு கத்துதாரு. நான் கையில ஃபைபர் கேபிளோட ஏணி மேல நிக்கேன்.

விஷயம் இதுதான். புன்னக்காயலுக்கு எங்க கம்பெனி இன்டர்நெட் வந்துட்டு. கடைசித் தெருவுக்கு ஒரே ஒரு பெட்டி. அதுல எட்டு வீட்டுக்குத்தான் லைன் குடுக்க முடியும். கேட்டதோ பதினேழு வீடு. அடுத்த பெட்டி வர ஆறு மாசம் ஆகும்னு சொன்னேன்.

அதுக்கு யாரும் சண்டை போடல. வலை போடுத இடத்துக்குச் சீட்டு எடுக்குத மாதிரி இதுக்கும் கோயில் வாசல்ல சீட்டு எடுத்துட்டாங்க. சீட்டுல விழுந்தா விழுந்ததுதான். விழுந்தவனா மனசு வச்சு அடுத்தவனுக்கு விட்டுக்குடுத்தா உண்டு.

எட்டாவது சீட்டு தேவசிகாமணிக்கு. சொந்தப் படகு கிடையாது, பிள்ளைங்க கிடையாது. வீட்டுல அவரும் பொஞ்சாதி சாலோமியும்தான். சாலோமிக்குப் பிறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது.

"என் மக வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்கணும்லே. லைன் இல்லன்னா வேலையே போயிரும். பேச்சு வராத பொம்பளைக்கு இன்டர்நெட்டு என்னத்துக்கு? விட்டுக்குடுலே!"

"சீட்டு எனக்கு விழுந்துட்டு அண்ணாச்சி. தர மாட்டேன்."

என்னையக் கேட்டா, ராயப்பன் அண்ணாச்சி பக்கம்தான் நியாயம். பைய இறங்கி வந்து நானும் சொல்லிப் பார்த்தேன்.

"என்னவே, படம் பாக்கத்தானே கேக்கீரு? செல்போன் போதாதா? டவர் இங்கன ரெண்டு கட்ட வருதுல்லா?"

"வருது. படம் நின்னு நின்னுல்லா வருது."

"நின்னா நின்னுட்டுப் போவுது! குரல் கேக்கும்லா?"

அவரு என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. "நீரு உம்ம வேலையப் பாரும்."

திமிரப் பாருன்னு நினைச்சுக்கிட்டே உள்ள போனேன்.

ஜன்னல் பக்கத்துச் சுவருக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருந்தாரு. சாலோமி ஞாயித்துக்கிழமைப் பூசைக்குக் கட்டுத நல்ல சேலையக் கட்டிக்கிட்டு அந்தச் சுவத்தை ஒட்டி நின்னாங்க. கை ரெண்டையும் பிசைஞ்சுக்கிட்டே இருந்தாங்க.

மோடத்துல பச்சை விளக்கு எரிஞ்சுது. பழக்க தோஷம், "அக்கா, ஒரு ஹலோ சொல்லிப் பாருங்க"ன்னு அவங்க போனை எடுத்து நீட்டிட்டேன். நீட்டுன பிறகுதான் நாக்கைக் கடிச்சேன்.

சாலோமி சிரிச்சாங்க. போனை வாங்கி ஜன்னல்ல ஒரு டம்ளர் மேல சாத்தி வச்சாங்க. வீடியோ காலை அமுக்கிட்டு நாலு எட்டு பின்னால போய் நின்னாங்க.

திரையில இன்னொரு அம்மா. பேரு விஜயஸ்ரீன்னு தேவசிகாமணி சொன்னாரு. பாளையங்கோட்டையில காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரும் ஒரே ஹாஸ்டலாம். இப்போ அவங்க ஓசூர்ல. பிரிஞ்சு இருவத்தாறு வருஷமாச்சாம்.

ஒரு நிமிஷம் ரெண்டு பேரும் அசையவே இல்ல. அப்புறம் கை ரெண்டும் கிளம்புச்சு பாருங்க!

யம்மாடி! விரல் பேசுது, மணிக்கட்டு பேசுது, புருவம் பேசுது. அங்க அவங்க விழுந்து விழுந்து சிரிக்காங்க. இங்க இவங்க தலையில அடிச்சுக்கிடுதாங்க. கண்ணுல தண்ணி ஓடுது, தொடைக்கக் கூட கையில்ல. படம் ஒரு இடத்துலயும் நிக்கல.

பன்னெண்டு வருஷமா இந்தக் கேபிளை இழுக்குதேன். தலைமுடி அளவு கண்ணாடி இழை, உள்ள போறது வெறும் வெளிச்சம். அது வழியா ஒரு மனுஷியோட பேச்சு ஓசூருக்குப் போவுதே! எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு.

"இதுக்குத்தானாவே?"ன்னு கேட்டேன்.

"செல்போன்ல போட்டா கை பாதியில நின்னுரும். கை நின்னா இவ பேச்சும் நின்னுரும்லா? அழுதுக்கிட்டே போனைக் கீழ வைப்பா."

"உம்மகிட்ட இப்படிப் பேசமாட்டாங்களா?"

"எனக்கு எங்கவே இதெல்லாம் தெரியும்? சோறு, தண்ணி, மீனு, காத்து. எங்களுக்குள்ள அவ்வளவுதான். கட்டி இருவது வருஷமாச்சு. இவ இவ்வளவு பேசுவான்னு இன்னைக்குத்தான் பாக்கேன்."

திரும்பிப் பார்த்தா வாசல்ல பாதித் தெரு நிக்கி. சண்டைக்கு வந்த ராயப்பன் அண்ணாச்சி முன்னால நிக்காரு. எல்லாரும் கோயிலுக்குள்ள நிக்குத மாதிரி நின்னாங்க.

கடைசியா ராயப்பன் அண்ணாச்சிதான் பைய கேட்டாரு. "என்னத்தலே சொல்லுதா?"

யாருக்குத் தெரியும்? தேவசிகாமணி உதட்டைப் பிதுக்குனாரு.

போனுக்குள்ள இருந்து ஒரு பிள்ளையோட குரல் கேட்டுச்சு. "அங்கிள், நான் ப்ரீத்தி. விஜயஸ்ரீ பொண்ணு. எனக்குக் காது கேக்கும். சாலோமி சித்தி பேசுறத நான் சொல்லட்டுமா?"

"சொல்லு தாயீ"ன்னாரு ராயப்பன் அண்ணாச்சி.

"இத்தனை வருஷம் அந்த ஊர்ல எப்படி இருந்தீங்கன்னு அம்மா கேட்டாங்க. அதுக்குச் சித்தி..." பிள்ளை தயங்குச்சு.

"சும்மா சொல்லும்மா"ன்னாரு அண்ணாச்சி.

"ஊர்ல எல்லாரும் ரொம்ப நல்லவங்களாம். ஆனா பாவம், ஒருத்தருக்கும் பேசத் தெரியாதாம்."