மூக்கு காட்டிய சட்டி

மாமி முதல் துண்டை வாயில் வைத்தார்.

ஹாஷிம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கவில்லை. அது தோற்கப்போகிறவர்களின் வேலை.

மாமியின் நாக்கு லேசுப்பட்டதல்ல. இரண்டு வருடத்துக்கு முன், ஹாஷிமின் கலியாணப் பந்தியிலேயே, தன் சொந்த அக்கா ஸுபைரா ராத்தா தேங்காய்ச் சொட்டு நறுக்கிப்போட்டு ஆக்கிய இறைச்சியில் உப்பில்லை என்று ஊர் கேட்கச் சொன்னவர். அன்றோடு ராத்தா இந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை.

பெரகல சந்தியில் மாமியின் கடையறை ஒன்று பூட்டிக் கிடந்தது. ஹல்துமுல்லையிலிருந்து ஏற்றம் ஏறிவரும் வண்டிக்காரர்கள் மாட்டையும் வயிற்றையும் ஆற்றுவது அங்கேதான். அதில் சோற்றுக்கடை போடுகிறேன் என்று ஹாஷிம் கேட்டான்.

"நான் ரெண்டாந்தரம் போட்டுத் திங்கிற மாதிரி ஒரு சட்டி ஆக்கிக் காட்டுங்க மகன். சாவியத் தாறேன்" என்றார் மாமி.

ஹாஷிம் அதற்குமுன் சமைத்ததில்லை. அதை அவன் ஒரு குறையாக நினைக்கவுமில்லை.

பதுளைக் கடைத்தெருவில் தாஸிம் நானாவின் போறணை அடுப்பு, வியாழன் மாலை பாண் ரொட்டி சுட்டு இறக்கிய பின்னும் மறுநாள்வரை சூடு தணியாது. அக்கம்பக்கத்து இறைச்சிச் சட்டிகளெல்லாம் மூடியைச் சுற்றி மாவு பூசிக்கொண்டு உள்ளே போகும். வெள்ளி ஜும்மா முடிந்து வெளியே எடுத்தால் எலும்பு தனி, இறைச்சி தனி. சட்டி மாறிவிடாமலிருக்க, பெண்கள் ஈரமாவில் அடையாளம் வைப்பார்கள். ஒருத்தி கிராம்பைக் குத்துவாள், இன்னொருத்தி வளையலைப் பதிப்பாள்.

ஹாஷிம் தன் சட்டிக்கு அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை.

"என்ட சட்டிய என்ட மூக்குக்குத் தெரியும் நானா."

இன்று போறணை வாயில் குனிந்து முகர்ந்தான். இருப்பதிலேயே மணமான சட்டி எதுவோ, அது தன்னுடையதாகத்தானே இருக்கவேண்டும். தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மாவில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. சூட்டில் மாவு அப்படித்தான் வெடிக்கும்.

திறந்தால் உள்ளே தேங்காய்ச் சொட்டுகள் கிடந்தன. அவன் ஊற்றியது தேங்காய்ப்பால். இரவு முழுக்க வெந்தால் பால் இறுகாதா என்ன.

மாமி மென்றார். ஒரு சொட்டை விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இனாயா, இன்னொரு பீங்கான் கொண்டாந்து வை" என்றார் மகளிடம்.

இரண்டாந்தரத்துக்குப் புதுப் பீங்கான் தட்டே வருகிறது. ஹாஷிம் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

மாமி பழைய பீங்கானிலேயே இன்னொரு அகப்பை போட்டுக்கொண்டார். இடுப்புச் சாவியை அவிழ்த்துப் பாய்மேல் வைத்தார்.

"இப்பிடி ஆக்கிற கை ஊருக்கு ஒண்ணுதான் இருக்கும்."

"அல்லாஹ் தந்தது மாமி" என்றான் ஹாஷிம், அடக்கமாக.

அப்போது வாசல் இருட்டியது. இடுப்பில் ஒரு சட்டியோடு ஸுபைரா ராத்தா நின்றார்.

"போறணையில அடையாளம் இல்லாம மிஞ்சின சட்டி ஒன்ட மருமகன்டதாம், ஸைனப். தொட்டு நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்பே இல்ல."

மாமி ஆச்சரியப்படவில்லை. சும்மா இருந்த பீங்கானைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்து, சோற்றைப் போட்டார்.

"உப்பெல்லாம் இந்தச் சட்டியில சரியா இருக்கு ராத்தா. சோறு ஆறப்போகுது, உக்காருங்க."

ராத்தா நின்றார். பிறகு சட்டியைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ஹாஷிம் பார்த்தபோது, சாவி ராத்தாவின் பீங்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் பிறகுதான் மாமிக்கு மருமகன் ஞாபகம் வந்தது.

"மகன், கடைக்கு விறகு பிளக்க வருமா உங்களுக்கு?"

"அதெல்லாம் நமக்குக் கைவந்தது மாமி" என்றான் ஹாஷிம்.

கோடரியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இனாயாவிடம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.