சிவப்புப் பெருக்கல் குறி

"அக்கா, கொஞ்சம் கீழ வந்து பாருங்க. உங்க பால்கனிக்கு நேரா ரோட்டுல அந்த இஞ்சினியர் பொண்ணு சிவப்புப் பெயிண்ட்டுல இன்ட்டு மார்க் போட்டுட்டுப் போயிருக்கு."

காதர் பாட்சா கூப்பிட்டதும் அஞ்சுகம் மீன் குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தாள். கீழே அவருடைய ஃபாரின் சாமான் கடை, மேலே அவள் வீடு. காரைக்கால் கடைத்தெருவை அகலப்படுத்தும் வேலை தொடங்கியதிலிருந்து இருவருக்கும் சரியான தூக்கமில்லை. சுவரில் போட்ட சிவப்புக் கோட்டின்படி அவர் கடை வாசலும் போகிறது, அவள் பால்கனியும் போகிறது.

கடை போவதைவிட பால்கனி போவதுதான் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். சுவாமி அந்தத் தெருவில் வரும்போது, முப்பது வருஷமாக அந்தப் பால்கனியில் நின்றுதான் அஞ்சுகம் மாங்கனி எறிகிறாள். நேர்த்திக்கடன் தீர்ப்பவர்கள்கூட தங்கள் கூடையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவு கைராசி. எறிகிற கனி மடியில் விழுந்தால் பலிக்கும் என்று, பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அவள் பால்கனிக்குக் கீழேதான் முண்டியடிப்பார்கள்.

முந்தின நாள் இதையெல்லாம் இஞ்சினியர் பாரதிப்ரியாவிடம் அவள் மூச்சு விடாமல் சொல்லியிருந்தாள். திருவிழா முடியட்டும், அப்புறம் இடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாள்.

தலையில் ஹெல்மெட்டும் கையில் டேப்புமாக பாரதிப்ரியா பொறுமையாகக் கேட்டாள். மொட்டை மாடியில் நின்று எறிந்தால் ஆகாதா என்றாள்.

"அவ்வளவு உசரத்துலேர்ந்து எறிஞ்சா மண்டை உடையும்மா. மடியில விழணும்னா இந்த உசரம்தான் சரி."

"சரி, எங்க போய் விழும்? எறிஞ்சு காட்டுங்க."

மாங்கனி கையில் இல்லை. அஞ்சுகம் மூன்று உருளைக்கிழங்கை எடுத்து வந்து ஒவ்வொன்றாக எறிந்தாள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்தன. பாரதிப்ரியா கீழே ஓடி, டேப் பிடித்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டாள். உருளைக்கிழங்கைப் பொறுக்கித் திருப்பியும் கொடுத்தாள். பால்கனியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அதே இடத்தில் இந்தப் பெருக்கல் குறி.

கரண்ட் கம்பம் நடப்போகிறார்கள் என்றார் காதர் பாட்சா. சாக்கடைக்கு மூடி போடப்போகிறார்கள் என்றார் எதிர்க்கடைக்காரர். அஞ்சுகத்துக்கு வேறு மாதிரி பட்டது.

"இடிக்கும்போது கல்லு எங்க விழும்னு கணக்கு போட்டிருக்கா பாய். அதுக்கு நானே கிழங்கு எறிஞ்சு காட்டியிருக்கேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அன்று மாலை பாரதிப்ரியா ஸ்கூட்டியில் வந்தபோது, ஒரு கூடை மாங்கனி வாங்கித் தரட்டுமா என்று அஞ்சுகம் கேட்டே விட்டாள்.

"கையில குடுத்தா அது வேறங்க," என்றாள் பாரதிப்ரியா. லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "திருவிழா அன்னிக்கு நானே வர்றேன்."

அவள் போனதும் காதர் பாட்சா பெருமூச்சு விட்டார். "அன்னிக்கே வர்றாளாம்க்கா. சாமி முன்னாடி போகும், இடிக்கிற மிஷின் பின்னாடி வரும்."

அடுத்த பத்து நாளும் தெரு முழுக்க ஒரே தூசி. ஒவ்வொரு கடையாக முன்பக்கத்தை இடித்துக்கொண்டே வந்தார்கள். காதர் பாட்சாவின் வாசல் தகரமும் போனது. அஞ்சுகத்தின் பால்கனியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. அவளைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள் என்று தெருவே சொன்னது. வண்டி ஓடி ஓடி மங்கிப்போன பெருக்கல் குறிக்கு, திருவிழாவுக்கு முந்தின நாள் யாரோ புதுசாகப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது.

கடைசித் தடவை என்று ஆகிவிட்டது, குறையாக எறிவானேன் என்று நான்கு கூடை வாங்கி வைத்தாள்.

திருவிழா அன்று காலை மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டது. இடித்த இடமெல்லாம் ஜனம் நின்றது. தெரு இவ்வளவு அகலமா என்று அஞ்சுகத்துக்கே ஆச்சரியம். மிஷின் எங்கே என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். காணவில்லை. காதர் பாட்சா கடை வாசலில் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். சப்பரம் வீட்டுக்கு நேராக வந்து நின்றது.

அவள் இரண்டு கையாலும் எறியத் தொடங்கினாள். கீழே கூட்டம் எகிறியது, ஓடியது, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தது. நாலாவது கூடையில் கை வைத்தபோதுதான் பார்த்தாள். அத்தனை பேரும் அங்குமிங்கும் பாய்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் நகராமல் நின்றாள். பச்சைப் பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை. பக்கத்தில் அவள் புருஷன், கூட்டம் மோதாமல் இரண்டு கையையும் விரித்துத் தடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் காலடியில், நேற்று அடித்த புதுச் சிவப்பு. முந்தானையை விரித்து ஏந்திக்கொண்டு பால்கனியையே பார்த்து நின்றவள், இஞ்சினியர் பாரதிப்ரியா.

அஞ்சுகம் கூடையைத் துழாவி, இருந்ததிலேயே பெரிய மாங்கனியை எடுத்து எறிந்தாள். உருளைக்கிழங்கு விழுந்த இடத்தில்தான் அதுவும் விழுந்தது.