வினைமுற்று

பந்து வலைக்குள் கிடந்தது. அவர் கைகளை உயர்த்தவில்லை.

"அடிச்சுட்டாரு! கானாக்காரர் அடிச்சுட்டாரு!"

ஒலிபெருக்கியில் அந்தக் கடைசி எழுத்தை அவர் கேட்டார்.

கானா நாட்டிலிருந்து வந்து, குமரிக் கடற்கரை மைதானங்களில் ஆறு ஆண்டுகள். முன்களத்தில் நின்று அறுபத்தொரு கோல்கள். அறுபத்தொன்றும் 'ட்டான்' என்றே அறிவிக்கப்பட்டன.

ஒரே அணி, ஒரே சீருடை. "ஆன்றனி அடிக்காரு, சூசை தடுக்காரு, கானாக்காரன் ஓடுதான்."

இலக்கணம் தெரியாமல் நேர்ந்த பிழையன்று அது. ஒருவர் காதையும் அது உறுத்தவில்லை.

டீக்கடையில் கிளாஸ் கழுவுபவரையும் 'வாங்க' என்பவர் அவர். எதிரணி வீரர் விழுந்தால், "எழும்புங்க" என்று கைகொடுப்பவர்.

இன்று, இறுதி ஆட்டத்துக்கு முன், அறிவிப்பாளர் செல்லையனிடம் அவர் கேட்டார்.

"அண்ணே, எல்லாருக்கும் 'ர்' போடுறீங்க. எனக்கு மட்டும் 'ன்'. ஏன்?"

செல்லையன் ஒலிவாங்கியை அணைக்கவில்லை.

"கப்பை வாங்கித் தா மக்கா, 'ர்' போட்டுத் தாறேன்!"

மைதானமே சிரித்தது.

"சரி" என்றார் அவர்.

இதோ, கடைசி நிமிடம். இரண்டுக்கு ஒன்று. கோப்பை வந்துவிட்டது. 'ர்' வந்துவிட்டது.

ஆன்றனி ஓடிவந்து கட்டிக்கொண்டார். அவர் மெல்ல விலகி, நடுவரிடம் நடந்தார். தம் முழங்கையைத் தொட்டுக் காட்டினார்.

"சார், கையில பட்டுச்சு."

நடுவர் அதைப் பார்த்திருக்கவில்லை. எவரும் பார்த்திருக்கவில்லை.

விசில் ஒலித்தது. கோல் செல்லாது. மறுபடியும் ஒன்றுக்கு ஒன்று.

ஆன்றனி தலையில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்தார். மைதானத்தில் அலையோசை கேட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"கையில பட்டுச்சுன்னு... தானே போய்ச் சொல்லி..."

செல்லையன் அந்தச் 'சொல்லி'யிலேயே நின்றுவிட்டார்.

தமிழில் மரியாதை, வாக்கியத்தின் கடைசி எழுத்தில் இருக்கிறது.

எதிரணிக் கோல்கீப்பர் பந்தைக் கீழே வைத்தார். அறிவிப்பாளர் மேடையை நோக்கி, இரு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"என்னவே முழுங்குதீரு? முடிச்சுச் சொல்லும்!"

நடுவரருகே நின்ற அவர் குனிந்து காலணியின் நாடாவைக் கட்டத் தொடங்கினார்.

அது அவிழ்ந்திருக்கவேயில்லை.