மெல்லப் பாடிய வகுப்பு

தாலாட்டின் இரண்டாவது அடியிலேயே குந்தவை மேடத்துக்குக் குரல் தழுதழுத்துவிட்டது.

இசை ஆசிரியர்களான எங்களுக்குத் தஞ்சாவூரில் பயிற்சி. நாட்டுப்புறப் பாட்டை வகுப்பறையில் பிள்ளைகளோடு சேர்ந்து எப்படிப் பாடுவது என்று சொல்லித்தர வந்தவர் அவர். எங்களில் பலரைவிட வயதில் சின்னவர்.

தண்ணீர் குடித்தார். மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றார்.

வெளியே வராந்தாவில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"தாலாட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதுக்குங்க? புள்ளைங்க தூங்கிடாதுங்களா?" என்றார் சவரியப்பன் சார்.

கும்பகோணம் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவர். யாராவது சுரம் பிசகினால் ஆர்மோனியப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார் என்று பெயர்.

சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுகை இன்னும் ஏறியது.

"இருங்க, நான் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்."

சவரியப்பன் சார் எழுந்தார். மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவர் கதவைத் தாண்டியிருந்தார்.

குழந்தையை வைத்திருப்பவர் யாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அழுகை விக்கலாகி, அதுவும் அடங்கியது. ஒரு பாட்டு கேட்டது.

"வாய்க்காலில் தண்ணி வந்து வயலெல்லாம் உறங்கிடுச்சு... வாடாத என் கதிரே, நீ மட்டும் உறங்கலையோ..."

நாங்கள் கதவருகே கூடிவிட்டோம்.

சார் வராந்தாவில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். தோளில் குழந்தை. கோயிலில் பாடும் கம்பீரம் எதுவும் குரலில் இல்லை. சுருதிகூடக் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

பின்னாலேயே ஓர் இளைஞர், கையில் துண்டோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நடந்தார்.

"இதோட அம்மா எங்க, தம்பி?" என்று சார் அதே ராகத்தில், பாட்டை நிறுத்தாமல் கேட்டார்.

"உள்ளதாங்க சார். உங்களுக்குக் கிளாஸ் எடுத்துட்டு இருக்காங்க. லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் வேலைக்கு வந்தாங்க. அழுதாலும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாங்க."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

குந்தவை மேடம் புடவைத் தலைப்பை இழுத்து மார்போடு சேர்த்துப் பிடித்தபடி நின்றிருந்தார்.

வழி விட்டோம்.

சார் பாடிக்கொண்டே வந்து, குழந்தை கண்ணைத் திறந்துவிடாமல், அதை மேடத்தின் தோளுக்கு மாற்றினார்.

பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேடம் திரும்பி வந்தார். மிச்ச வகுப்பைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் எடுத்தார். அவர் ஓர் அடி சொல்ல, நாங்கள் ஓர் அடி சொன்னோம். மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் குரல்கள் எங்களுடையவை. அன்றைக்கு அத்தனை பேரும் மூச்சு விடுகிற அளவுக்குத்தான் பாடினோம்.

பின்வரிசையில் யாரோ தும்மினார்.

சவரியப்பன் சார் திரும்பி அவரை ஒரு முறை முறைத்தார்.